எந்தக் காற்றுக்கும் அசையாது என்றார்கள்: கொடித்தாங்கி வாங்கி ஏமாந்த கதை

தோட்டத்தில் அலங்காரத்துக்குத் தொங்கவிடும் துணிக்கொடிக்காக, மண்ணில் குத்தி நிறுத்தும் தாங்கி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். "எந்தக் காற்றுக்கும் அசையாது" என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் தாங்கி ரோஜாச் செடியின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அதன் கால் தரையை ஒட்டி மடங்கியிருந்தது. கொடி மட்டும் தாங்கியை விட்டு இம்மியும் நகரவில்லை.

ஏமாற்று வேலை அங்கேதான் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பெட்டிக்குள் இரண்டு ரப்பர் வளையங்களும் ஒரு ஸ்பிரிங் கிளிப்பும் இருந்தன. கொடியை மாட்டும் மேல் கம்பியிலிருந்து அது வழுக்கி வெளியே போகாமல் வளையங்கள் தடுக்கும். கொடியின் கீழ் முனை மேலே புரண்டு சுருண்டுகொள்ளாமல் கிளிப் பிடித்துக்கொள்ளும். இந்த மூன்று சாமான்களுக்காகத்தான் "காற்றுத் தடுப்பு" என்ற பட்டம். தாங்கி தரையில் நிற்குமா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உண்மையில் கொடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்குக் காற்றின் இழுப்பு முழுவதும் தாங்கியின் காலில்தான் இறங்குகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 12க்கு 18 அங்குலத் துணிதானே என்று நானும் அலட்சியமாக இருந்தேன்.

மடங்கிய காலைக் கையில் எடுத்துப் பார்த்த என் மாமனார், "மாப்பிள்ளை, இது கம்பி இல்லை, குழாய்" என்றார். அவர் சொன்னது சரி. விற்பனைப் பக்கத்தில் "உறுதியான இரும்புக் கம்பி" என்று இருந்தது. உடைந்த இடத்திலோ தகரம் போன்ற மெல்லிய சுவர், உள்ளே வெற்றிடம். மேலே பூசியிருந்த கறுப்புப் பெயின்ட் நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. மூன்று துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகும் அமைப்பு வேறு. செருகிய இடமெல்லாம் ஆடும். அந்த ஆட்டம் மண்ணுக்குள் இருக்கும் காலையும் அசைத்து அசைத்துக் குழியைப் பெரிதாக்கிவிடுகிறது. மழையில் மண் இளகியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

விற்றவர்களுக்குப் படத்துடன் எழுதினேன். முதல் பதில்: "பலத்த காற்றில் கொடியைக் கழற்றிவிட வேண்டும் என்று கையேட்டில் உள்ளது." எந்தக் காற்றுக்கும் அசையாது என்று வெளியே எழுதிவிட்டு, காற்றடித்தால் எடுத்து உள்ளே வை என்று உள்ளே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கையேடு தீப்பெட்டி அளவுத் தாள். பூதக்கண்ணாடி இருந்தால் வாசிக்கலாம். இரண்டாம் பதிலில் என் மண்ணைக் குறை சொன்னார்கள். மூன்றாவதாக, பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். நான்காவது பதில் வரவேயில்லை.

அவர்கள் போட்டிருந்த படங்களை மறுபடியும் பார்த்தேன். எல்லாவற்றிலும் கொடி இஸ்திரி போட்டதுபோல் நேராகத் தொங்குகிறது. காற்றே இல்லாத இடத்தில் எடுத்த படங்கள். வாங்குவதற்கு முன்பே இது என் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் கம்பியின் தடிமனையும் எடையையும் விற்பவரிடம் கேளுங்கள். திடக் கம்பியா, குழாயா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள். கையில் கிடைத்ததும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், வெற்றுக் குழாய் என்றால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். கிளிப்பையும் வளையத்தையும் காட்டித் தாங்கியை விற்பவர்களை நம்பாதீர்கள்.

நான் பிறகு செய்தது இதுதான். கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பி இரண்டடி நீளத்தில் கிடந்தது. அதைப் பாதிக்கு மேல் மண்ணில் அடித்து இறக்கி, பழைய தாங்கியின் மிஞ்சிய பகுதியை அதோடு சேர்த்து இரண்டு இடங்களில் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டேன். கொடியின் கீழே, தாங்கியின் செங்குத்துக் கம்பியை ஒட்டிய மூலையை மட்டும் ஒரு நூலால் தளர்வாகக் கட்டினேன். ஆரம்பத்தில் இரண்டு மூலைகளையும் இறுக்கிக் கட்டிப் பார்த்தேன். துணி கப்பல் பாய்போல் உப்பி, ஒரே இரவில் தையல் விட்டுப்போயிற்று. ஒரு பக்கமாவது படபடக்க இடம் இருந்தால்தான் காற்று வழுக்கிப் போகும். அப்படிப் படபடக்கும் ஓரம்தான் முதலில் நூல் பிரியும். பிரிந்தவுடன் வெட்டிவிட்டு மடித்துத் தைத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். பெரிய கிளைகளே ஆடுகிற காற்று என்றால் நானே கொடியைக் கழற்றிவிடுகிறேன். ஒரு நிமிட வேலை. தீப்பெட்டித் தாளில் இருந்த அறிவுரை தவறில்லை, அதை எழுதிய இடம்தான் தவறு.

வந்த சாமான்களில் அந்த ஸ்பிரிங் கிளிப் ஒன்றுதான் தரமானது. கொல்லையில் துணி காயும் கொடியில் என் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.