ஹாஸ்டலா, காலேஜ் பஸ்ஸா, வாடகை வீடா?

என் மகள் கோவையில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். போன பிப்ரவரியில் அவளுக்குப் பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய்) என்று சொல்லி 18 நாள் மனநலப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். வீடு திரும்பிப் பத்து நாள் கழித்து டாக்டர், "காலேஜுக்கு அனுப்பலாமுங்க" என்றார். எங்கிருந்து அனுப்புவது என்பது எங்கள் தலையில் விழுந்தது. பழைய ஹாஸ்டல் இருந்தது. எங்கள் ஊர் சத்தியமங்கலத்திலிருந்து தினமும் காலேஜ் பஸ் இருந்தது. இல்லையென்றால் காலேஜுக்குப் பக்கத்தில் சரவணம்பட்டியில் வீடு பிடித்து அம்மாவும் மகளும் தங்க வேண்டும். பஸ்ஸில் இரண்டு வாரம் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதனால் இதை வாடகை வீட்டுக்காரன் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருகைப் பதிவுக் கணக்கு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவே இருந்தால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்துப் பரீட்சை எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். 90 நாளில் 28 நாள் போய்விட்டது. மீதி நாள் ஒன்றுவிடாமல் போனாலும் 69-ஐத் தாண்டாது. 65-க்குக் கீழே விழாமல் இருக்கக் கையிருப்பு மூன்றே நாள்.

சான்றிதழில் நோயின் பெயர் வேண்டாம் என்று கேட்டோம். 'சிகிச்சையில் இருந்தார், வகுப்புக்குச் செல்லலாம்' என்று மட்டும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தை நோயாளியின் உரிமை என்றே சொல்கிறது. ஒறம்பரை சொந்தங்களுக்கு டைபாய்டு என்று சொல்லி வைத்தோம். அப்புறம் வந்தவர் போனவர் எல்லாம் கஞ்சிப் பக்குவம் சொல்லிக் கொடுத்தது தனிக் கதை.

ஹாஸ்டலை அவளே கேட்டாள். செலவு குறைவு, சிநேகிதிகள் கூட இருப்பார்கள். ஆனால் நோய் தலைகாட்டியதே அங்கேதான். நாலு ராத்திரி அவள் தூங்கவேயில்லை. இன்டர்னல் நேரம் என்பதால் அறையில் எல்லோருமே முழித்திருந்தார்கள், யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. இன்னொன்று, இவள் இந்த நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை லித்தியம். தலைவலிக்குப் பக்கத்துக் கட்டில் பெண் ப்ரூஃபென் கொடுத்து இவளும் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்குக் கூடிவிடலாம். ஹாஸ்டலில் மாத்திரை கைமாறுவது நமக்கா தெரியாது?

பஸ்ஸைத்தான் எல்லோரும் சொன்னார்கள். வீட்டுச் சாப்பாடு, நம் கண் பார்வை. நானும் நம்பினேன். நடந்தது இது. பஸ் 6.15-க்கு, அதனால் ஐந்து மணிக்கே எழுப்ப வேண்டும். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது ஏழரை. சாப்பிட்டு, ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்கப் பதினொன்று. ஒன்பதுக்குப் போட வேண்டிய மாத்திரை பதினொன்றுக்குத் தள்ளிப்போனது. எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். பங்குனி பூ சீசன். விடியக்காலம் மூணு மணிக்கே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பூப்பறிக்க ஆள் வந்துவிடும். லைட், பேச்சு, நாய்க் குரைப்பு. ஆக அந்தப் பிள்ளைக்கு நிஜமாகக் கிடைத்த தூக்கம் நாலு மணி நேரம். காலையில் அம்மா ஜடை பின்னும்போது உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாள். தலை சாயச் சாய, அம்மா ஜடையைப் பிடித்து நிமிர்த்திப் பின்னுவாள்.

இரண்டாம் வாரம் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட மூன்று கூடுதலாக இருந்தது. "காலைல எந்திரிக்க முடியலீங்கப்பா, அதான்" என்றாள். திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. பரீட்சை எழுத வேண்டும் என்று மாத்திரையை விட்டிருக்கிறாள். இந்த நோய்க்குத் தூக்கம் கெடுவதே அடுத்த சுற்றுக்கு அழைப்பு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கண் பார்வையில் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தூக்கத்தை நாங்களே கெடுத்திருக்கிறோம்.

அந்த வாரமே வீடு பிடித்தோம். அட்வான்ஸ் ஐம்பதாயிரம், வாடகை ஒன்பதாயிரம். காலேஜுக்குப் பத்து நிமிட நடை. ஒன்பதுக்கு மாத்திரை, பத்துக்குத் தூக்கம், ஏழுக்கு எழுந்தால் போதும். லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கடைசி மாத்திரையிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். பஸ்ஸில் போயிருந்தால் அந்த ஒன்பது மணி வகுப்புக்குள் வரும், ஒரு நாள் லீவு போய்விடும். இப்போது தெருமுனை லேபில் கொடுத்துவிட்டு இரண்டாவது பீரியடுக்குப் போகிறாள். கையிருப்பு மூன்று நாளில் ஒரு நாளைக்கூடத் தொடவில்லை.

செலவு பணத்தோடு நிற்கவில்லை. சமையலும் கறவை மாடும் என் பொறுப்பாயிற்று. ஊரில் வேறு, "வீட்டுக்காரம்மா எங்கீங்க?" என்று தினம் ஒருத்தர் கேட்கிறார். மகளுக்கோ அம்மா நிழலாகவே இருப்பது பிடிக்கவில்லை. "நான் முழுங்கறத எத்தன நாளைக்கும்மா பாத்துட்டே இருப்பே?" என்று ஒருநாள் அழுதிருக்கிறாள். ஹாஸ்டலில் இருந்திருந்தால் இன்னும் கலகலப்பாக இருந்திருப்பாளோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

நான் பார்த்தது ஒரு பிள்ளையை, ஒரு நோயை, ஒரு வருடம்கூட முழுசாக இல்லை. மனச்சோர்வால் ஆஸ்பத்திரி போய் வந்த பிள்ளைக்கு நாலு பேர் இருக்கும் ஹாஸ்டல் அறையே மருந்தாக இருக்கலாம். பஸ் அரை மணி நேரம்தான், வீடும் ராத்திரி அடங்கிவிடும் என்றால் வாடகை வீட்டுக்கு அவசியமே இல்லை. எங்கே தங்கினாலும் 14416-ஐ போனில் பதிந்து வையுங்கள், அது அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பதினோரு மாத அக்ரிமெண்ட் மாசியில் முடிகிறது. பழைய ரூம்மேட் இரண்டு பேரை இந்த வீட்டுக்கே கூட்டி வருகிறேன், அம்மா ஊருக்குப் போகட்டும் என்கிறாள் மகள். வாடகையை மூணாகப் பிரித்துக்கொள்வார்களாம், பத்து மணிக்கு லைட்டை அணைக்க அவர்கள் ஒத்துக்கொண்டார்களாம். பூ சீசனுக்கு வீட்டில் ஆள் வேண்டும்தான். அந்தப் பிள்ளைகளிடம் ஒரு தடவை நானே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.