சென்னையா, பரோடாவா, சாந்திநிகேதனா? ஒரு கொலுசுப் பட்டறை வீட்டுப் பஞ்சாயத்து

"என்ன மாப்ளே, நாலு வருஷம் படிக்கிறது பத்தலையா? இன்னும் ரெண்டு வருஷமா?" என்றார் மச்சான், கையில் இருந்த ஊதுகுழலைக் கீழே வைக்காமலே. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அவருக்குச் சின்னக் கொலுசுப் பட்டறை. மகள் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பம், கடைசி வருஷம். அடுத்து முதுகலை. எந்த ஊரில் என்பதுதான் பஞ்சாயத்து. குடும்பத்திலேயே எம்.எஃப்.ஏ. என்ற கவின் கலை முதுகலை முடித்த ஒரே ஆள் என்பதால் நாட்டாமை வேலை என் தலையில் விழுந்தது. இளம்பிள்ளை சேலைக்காரர்களுக்கு பார்டர் டிசைன் போட்டுப் பிழைக்கிறவன் சொல்லும் தீர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு விஷயம்.

முதலில் என் கதை. நான் அச்சோவியம் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். பெரிய பெயர்தான். அந்தப் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். போன மூன்றாவது வாரம், செதுக்கிய தகட்டிலிருந்து படம் அச்சிடும் எட்சிங் பிரஸ் நின்றது. பட்டறையில் நாலு நாளில் சரிபண்ணியிருப்பார்கள், அங்கே எட்டு மாதம் ஆனது. ரெண்டு வருஷப் படிப்பில் எட்டு மாதம்! அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பார். இயந்திரம் சுற்றுகிறதா, உலை எரிகிறதா, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கதவு திறந்திருக்கிறதா, மாணவர்கள் உள்ளே இருக்கிறார்களா.

சென்னையில் இருந்து தொடங்குவோம். எழும்பூர் பக்கம் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி. 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்திய முதல்வராக வந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலை அவர் கைவேலை. பின்னால் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எங்கள் பெண்ணுக்குப் பொருந்துவது வேறொன்று. பி.வி. ஜானகிராம் தாமிரத் தகட்டைத் தட்டி, அதன்மேல் கம்பி வைத்துப் பற்றவைத்து உருவங்கள் செய்தார். பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகத்தைப் பற்றவைத்துத்தான் வாழ்நாள் முழுக்க வேலை செய்தார். அந்தப் படங்களை மச்சானிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "வெண்காரம் கூடப் போச்சு, ஓரத்துல பொங்கியிருக்கு பாரு" என்றார். பற்றவைக்கும்போது போடும் பொடியைச் சொல்கிறார். கலை விமர்சனம் என்றால் அது!

ஆக சென்னை என்றால் தீயும் உலோகமும். நடக்கிற தூரத்தில் அரசு அருங்காட்சியகம், அதற்குள் வெண்கலக் கூடம். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையம். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் கையைக் கடிக்காது. வெள்ளி இரவு ரயில் ஏறினால் விடிவதற்குள் சேலம் ஜங்ஷன். அம்மா கையால் சாப்பாடு.

ஆனால் எனக்கு உறுத்துவதும் இதுதான். தீயும் உலோகமும் அவள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. நாலு வருஷம் இருந்த ஊருக்குப் பக்கத்தில் சுவாமிமலை. காவிரி வண்டல் மண்ணை மெழுகின்மேல் பூசி ஸ்தபதிகள் வார்ப்பதை வாராவாரம் போய்ப் பார்த்தவள். கொல்லன் தெருவில் பிறந்த பெண் ஊசி வாங்க எழும்பூர் போக வேண்டுமா?

குஜராத்தில் இருக்கும் பரோடாவின் கதை வேறு. மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950-ல் தொடங்கியது. எம்.எஃப்.ஏ. என்று இல்லாமல் எம்.வி.ஏ. என்று பட்டம் தருகிறார்கள், படிப்பு அதேதான். சிற்பத் துறையைக் கட்டியெழுப்பியவர் சங்கோ சௌத்ரி. அங்கே வரைகிறவனும் செதுக்குகிறவனும் கலை வரலாறு படிக்கிறவனும் ஒரே வளாகத்தில் ஒரே டீக்கடையில் நிற்கிறார்கள். உன் வேலையைப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு யாரும் நகர்வதில்லை, "ஏன்?" என்பார்கள். அங்கே படித்த என் நண்பன் முதல் ஆறு மாதம் அழுதான். அப்புறம் அவனே எல்லோரையும் கேட்க ஆரம்பித்தான்.

இன்னொன்றும் மச்சானிடம் சொன்னேன். பூபேன் கக்கர் பம்பாயில் ஆடிட்டர் படிப்பு முடித்தவர். 1962-ல் பரோடா வந்து கலை விமர்சனம் படித்தார். ஒரு பக்கம் கணக்கு எழுதி, மறுபக்கம் படம் வரைந்து, இந்தியாவின் முக்கியமான ஓவியர்களில் ஒருவரானார். "கணக்கு எழுதத் தெரிஞ்சவன் எங்கயும் பொழைச்சுக்குவான்" என்று மட்டும் சொன்னார் மச்சான். குறைகளும் உண்டு: இந்தியோ குஜராத்தியோ தெரியாமல் வீடு பிடிப்பது கஷ்டம், ரயிலில் ஒன்றரை நாள் போகும், சாம்பார் இனிக்கும்.

மேற்கு வங்கத்துச் சாந்திநிகேதனுக்கு அதைவிட அலைச்சல். ஹவுரா போய் அங்கிருந்து போல்பூருக்கு இன்னொரு மூன்று மணி நேரம். 1919-ல் தொடங்கிய அந்த ஊர்க் கலைக் கல்லூரியான கலாபவனத்தில் நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் மூவரும் பாடம் நடத்திய மரத்தடிகள் இன்னும் இருக்கின்றன. 2023-ல் சாந்திநிகேதனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ராம்கிங்கரின் 'சந்தால் குடும்பம்' சிற்பம் 1938-ல் செய்தது. வெண்கலம் வார்க்க வசதி எங்கே? கிடைத்த செம்மண் சரளையையும் சிமெண்டையும் குழைத்துக் கம்பிக்கூட்டின்மேல் அப்பினார். மழையிலும் வெயிலிலும் அது வெளியேதான் நின்றது. ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் செம்மண் கரைந்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த நிறம் புதிதில்லை. பட்டறையே இல்லாவிட்டாலும் சிற்பம் செய்யலாம் என்பதை அந்த ஊர் மாதிரி வேறெங்கும் கற்றுக்கொள்ள முடியாது. மெதுவான ஊர். வார விடுமுறைகூட ஞாயிறு இல்லை, புதன். மெதுவாக வேலை செய்கிறவர்களுக்கு அது சொர்க்கம். சோம்பேறிகளுக்கும் அப்படித்தான்.

பரோடாவுக்கும் இதற்கும் நடுவே ஒரு பாலம் உண்டு. கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்த ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை போனார். 1944-ல் சாந்திநிகேதன் போனார், 1951-ல் பரோடாவுக்குப் பாடம் நடத்தப் போனார், 1980-ல் மறுபடி சாந்திநிகேதன் திரும்பினார். இந்த மூன்று ஊரில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பெங்களூருவில் இருக்கும் சித்ரகலா பரிஷத் கலைக் கல்லூரியையும் பட்டியலில் எழுதியிருந்தாள். பஸ்ஸில் நாலைந்து மணி நேரம், ஜனவரியில் சித்ர சந்தை என்ற ஓவியச் சந்தை. ஆனால் வீட்டு வாடகையைச் சொன்னதுமே மச்சான் எழுந்து போய்விட்டார். அதோடு அது முடிந்தது.

வேலை? எங்கே படித்தாலும் கதை ஒன்றுதான். கல்லூரியில் பாடம் நடத்த முதுகலையோடு யு.ஜி.சி. நெட் மாதிரி தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும், நெட்டில் காட்சிக் கலை தனிப் பாடமாகவே இருக்கிறது. பொதுப் பிரிவுக்கு முதுகலையில் 55 சதவீதம் கேட்பார்கள். மற்றபடி பட்டத்தின்மேல் எந்த ஊர் பெயர் இருக்கிறது என்று இளம்பிள்ளையில் யாரும் கேட்டதில்லை.

நான் பரோடாவுக்கு ஓட்டு போட்டேன். காரணம் அவளுடைய கடைசி வருஷ வேலை. பித்தளையில் ஆறடி நீளக் கொலுசு, ஒவ்வொரு கண்ணியும் கை மூடும் அளவு. சலங்கைக்குள் மணி போடவில்லை, தூக்கி அசைத்தால் சத்தமே வராது. பார்த்தவர்கள் எல்லோரும் பற்றவைத்த இடத்தின் சுத்தத்தைத்தான் புகழ்ந்தார்கள். ஏன் சத்தம் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இருக்கும் இடத்துக்கு அது போக வேண்டும்.

"நீங்கதானே மாமா நேர்ல போய்ப் பார்க்கச் சொன்னீங்க?" என்றாள். டிசம்பர் 1, 2 தேதிகளில் கலாபவன மாணவர்கள் நந்தன் மேளா நடத்துகிறார்கள். தாங்கள் செய்ததை விற்று, கஷ்டப்படும் மாணவர்களுக்கான நிதியில் சேர்ப்பார்கள். அதைப் பார்க்க டிக்கெட் போட்டுவிட்டாள். வருகிற வழியில் சென்னையில் ஒரு நாள், ஜனவரியில் பரோடா.

அக்கா மீன் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தாள். மச்சான் தராசை இழுத்து, நாற்பது கிராம் வெள்ளிக் கம்பியை எடைபோட்டுப் பொட்டலம் கட்டினார். "நேர்காணல்ல காட்ட சின்னதா ஒண்ணு பண்ணணும்னியே" என்று அவளிடம் நீட்டிவிட்டு, பற்று வரவு நோட்டில் அவள் பெயரைப் போட்டு எழுதினார்: 40 கிராம், பாக்கி.