14,500 ரூபா போன கதை: இணையத்தில் பட டிஸ்க் வாங்குகிறவர்கள் வாசியுங்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வெளிநாட்டுப் பட டிஸ்க் விற்கும் ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தை நம்பி 14,500 ரூபாயை இழந்திருக்கிறேன். வேறு யாரும் மாட்டுப்படக் கூடாது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பாவின் ஆட்டத்திவசத்துக்கு லண்டனிலிருந்து அண்ணனும் கனடாவிலிருந்து தங்கச்சியும் கிளிநொச்சிக்கு வந்திருக்கிறார்கள். மூன்று பேரும் அம்மாவோடு ஒரே வீட்டில் படுத்தெழும்பிப் பதினொரு வருடம். எல்லோரும் சேர்ந்திருந்து இயக்குநர் வெஸ் அண்டர்சனின் ‘தி ரோயல் டெனன்பாம்ஸ்’ பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 2001இல் வந்த படம். குடும்பத்தை விட்டுப் போன தகப்பன் வயிற்றில் புற்றுநோய் என்று பொய் சொல்லித் திரும்பி வருவார். வளர்ந்து அடிபட்டுப் போன மூன்று பிள்ளைகளும் அதே வீட்டில் வந்து சேர்வார்கள். ஒரு மகன் தகப்பனை மன்னிக்கவே மாட்டேன் என்று நிற்பான். கடைசியில் அவர் சாகும்போது பக்கத்தில் இருப்பவன் அவன் மட்டும்தான். எங்கள் அண்ணன் அப்பாவோடு ஆறு வருடம் கதைக்கவில்லை.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பக்கத்தில் ‘தமிழ் வசன வரியோடு செய்து தருவோம்’ என்று போட்டிருந்தார்கள். ஒரிஜினல் டிஸ்க்குக்கு 9,500, வசன வரிக்கு 5,000. விலையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெடியன் போன் எடுத்தான். “அண்ணை, தகப்பனும் ரெண்டு பெடியங்களும் சிவப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு திரியிற படம்தானே? நான் நாலு தரம் பார்த்து அழுதிருக்கிறன்” என்றான். தான் மாங்குளம் என்றும் சொன்னான். எங்கள் பக்கத்துப் பிள்ளை, இந்தப் படத்தை நேசிக்கிற பிள்ளை என்று மனம் இளகிவிட்டது. அந்த இடத்தில்தான் விழுந்தேன். அரை மணித்தியாலத்துக்குள் டவுனுக்குப் போய், வங்கியின் வைப்பு மெஷினில் 14,500 ரூபாயையும் போட்டுவிட்டேன்.

ஐந்து நாள் என்றவன் பதினாறாம் நாள் அனுப்பினான். திவசம் முடிந்து, முந்தநாள் பின்னேரம் பார்சல் வந்தது. கடதாசி உறைக்குள் கொப்பி அடித்த டிஸ்க், மேலே மார்க்கரால் எழுதிய பெயர். ரீவியில் போட்டால் ரயில் ஓடுகிறது! அதே இயக்குநர் 2007இல் எடுத்த ‘த டார்ஜிலிங் லிமிடெட்’. தமிழ் ஒரு எழுத்துக்கூட இல்லை. அம்மா இருபது நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதில ஆர் தகப்பன்?” என்று கேட்டா. அந்தப் படத்தில் தகப்பன் ஏற்கெனவே செத்துவிட்டார். அண்ணன் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டான்.

நேற்றுக் காலை அந்தப் பெடியனுக்கு எடுத்தேன். “ஒரே டைரக்டர்தானே அண்ணை, அவற்ற படமெல்லாம் ஒரே மாதிரித்தான். இதிலயும் அதே ஓவன் வில்சன், தாயா வாறதும் அதே மனுசி” என்றான். நடிகர் விசயம் உண்மை. இரண்டிலும் தாய் அஞ்சலிக்கா ஹூஸ்டன்தான். பாணி திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் உண்மை. ஆளை நட்டநடுவில் நிறுத்துவது, மேசையை நேர் மேலே இருந்து காட்டுவது, பொம்மை வீடு மாதிரி அறைகள், முகம் அசையாமல் வசனம் பேசுவது எல்லாம் எனக்கே சலித்திருக்கிறது. 2023இல் வந்த ‘அஸ்டரொய்ட் சிட்டி’யைப் பாதியில் நிறுத்தினேன். ஆனால் ‘டெனன்பாம்ஸ்’ படத்தின் சோடனைக்கு நடுவில் ஜீன் ஹக்மன் நடித்த தகப்பன் இருக்கிறார். பொய்க்காரன், அடாவடிக்காரன். ஆனாலும் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவெல்லாம் கூத்தடிப்பார். அப்படி ஒரு மனிதன் மற்றப் படங்களில் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மா சிரித்திருப்பா. அந்தச் சிரிப்புக்குத்தான் 14,500 கொடுத்தேன்.

இரண்டாம் தரம் எடுத்தபோது, “ஒபிஸில கேட்டுச் சொல்லுறன்.” மூன்றாம் தரம் ஒரு பெண்: “டிஸ்க்கைத் திருப்பி அனுப்புங்கோ, கூரியர் காசு உங்கட.” அனுப்பினால் காசு தருவீர்களா என்று கேட்டேன். “உறை பிரிச்சிருந்தா தர ஏலாது.” பிரிக்காமல் எப்படிப் படம் பார்ப்பது? அதற்குப் பிறகு மெசேஜ் எல்லாவற்றையும் வாசித்தார்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை. இன்று காலை பிளாக் செய்துவிட்டார்கள்.

சரி, கவனிக்க வேண்டியவை. முழுக் காசையும் முன்னுக்குப் போடாதீர்கள். வசன வரி என்றால் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். ஊர்ப்பெயர் சொன்னதற்காக நம்பாதீர்கள். சிலிப்பை எறியாதீர்கள், நான் அதை வைத்துக்கொண்டுதான் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுக்கப் போகிறேன். இன்னும் எழுத இருக்கிறது, இப்போது முடியவில்லை. விடிய முன்னம் அண்ணனைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்ற வேண்டும்.

தங்கச்சியின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்று மத்தியானமும் விளம்பரம் போட்டிருக்கிறார்கள். அதே படம், ‘தமிழ் வசன வரியோடு’.