மலைக்கோட்டையைத் தண்ணீரோடு எடுக்க எந்த இடம்?

திருச்சியில் போன் வைத்திருக்கிற எல்லாரிடமும் மலைக்கோட்டைப் படம் ஒன்றாவது இருக்கும். அதில் பெரும்பாலும் பாறை இருக்கும், மேலே உச்சிப்பிள்ளையார் இருப்பார், கீழே கடைப் போர்டும் கேபிள் ஒயரும் இருக்கும். எனக்கு அந்தப் பாறைக்குக் கீழே தண்ணீர் வேண்டும். 83 மீட்டர் உயரக் கல்லும் காவிரியும் சேர்ந்ததுதான் இந்த ஊர். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க நான் திரும்பத் திரும்பப் போகிற இடங்கள் காவிரிப் பாலம், தெப்பக்குளம், ஸ்ரீரங்கம் பக்கக் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபம். மலை உச்சியையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அது வேறு கணக்கு.

முதலில் பாலம். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் இந்தப் பாலம் 1976-ல் திறக்கப்பட்டது. கிழக்குப் பக்க நடைபாதையில் நின்றால் பாறை தென்கிழக்கில் முழுசாகத் தெரியும். இங்கே வெளிச்சத்தை முடிவு செய்வது மாதம். ஆடி, ஆவணியில் சூரியன் நேர் மேற்கில் மறையாமல் கொஞ்சம் வடக்கே ஒதுங்கி மறையும். அதனால் மாலை வெயில் நாம் பார்க்கும் பக்கத்தில் விழுந்து, பாறை செம்பு நிறத்துக்கு வந்துவிடும். மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்த வருடம் ஒழுங்காகத் திறந்திருந்தால் ஆடியில் ஆறும் நிறைந்திருக்கும். வெளிச்சமும் தண்ணீரும் ஒன்றாக வாய்ப்பது அப்போதுதான். மார்கழியில் அதே இடத்தில் நின்றால் சூரியன் தென்மேற்கில் இறங்குவதால் நம் பக்கம் நிழலாகிவிடும். கோடையிலோ ஆறு வெறும் மணலும் நாணலும்தான்.

பாலத்தில் ஒரு தொல்லை உண்டு, அதிர்வு. ஒருமுறை இருட்டும் நேரத்தில் ட்ரைபாட் வைத்துப் பத்துப் படம் எடுத்தேன். ஒரு பேருந்து போனாலே கைப்பிடிச் சுவர் நடுங்கியது, பத்துமே கலங்கிப் போயின. அப்புறம்தான் புரிந்தது, இரண்டு தூணுக்கு நடுவில் நிற்கக் கூடாது. தூணுக்கு நேர் மேலே நின்றால் ஆட்டம் ரொம்பக் குறைவு. பெரிய வண்டி கடக்கும்வரை காத்திருந்து அழுத்தினால் போதும்.

தெப்பக்குளம் இதற்கு நேர் எதிர். ஆற்றில் கிடைக்காத பிரதிபலிப்பு இங்கே கிடைக்கும். குளம் பாறைக்கு மேற்கே இருப்பதால் எந்த மாதமானாலும் மாலை வெயில் நம் முதுகுப் பக்கம்தான். நடுவில் மண்டபம், பின்னால் மலை. என் கணக்கில் நல்ல நேரம், சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து. வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே மலை விளக்குகள் எரியத் தொடங்கும், குளத்தில் அதே விளக்குகள் தலைகீழாக நிற்கும். ஒரு மீன் துள்ளினால் எல்லாம் உடைந்து, பிறகு மெல்லக் கூடிவரும். அதற்காகவே நிற்கலாம். கஷ்டம் என்னவென்றால் இடம் பிடிப்பது. சுற்றிலும் கடை, ஜனம், வண்டி. தண்ணீர் தெரிகிற இடைவெளியைத் தேட வேண்டும். பண்டிகைக்குத் துணி எடுக்கக் கூட்டம் அலைமோதும் வாரங்களில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அம்மா மண்டபத்திலிருந்து பாறை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தெற்கே இருக்கிறது. ஜூம் இல்லாத போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் விழும். மலைக்கோட்டைக்காக மட்டும் என்றால் இங்கே வர வேண்டாம். ஆனால் படித்துறைக்காக வரலாம். ஆடிப் பதினெட்டு அன்று காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு வைத்துப் படைப்பார்கள். ஈரக் கல்லில் குங்குமம் கரைந்து ஓடுவதை அருகில் எடுத்தாலே அது காவிரிப் படம்தான். குளிப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. தர்ப்பணம் கொடுப்பவர்களிடம் கேட்காமல் எடுப்பதும் தவறு. இது விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன்.

சரி, உச்சி. நானூறுக்கும் மேற்பட்ட படி ஏறினால் பாறை காலடிக்குப் போய்விடும், படத்தில் வராது. வடக்கே காவிரி, அதற்கப்பால் 1987-ல் கட்டி முடிந்த 73 மீட்டர் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். மார்கழி, தையில் சூரியன் தெற்கே ஒதுங்குவதால் வெளிச்சம் நமக்குப் பின்னாலேயே இருக்கும். ஆற்றின் படம் வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் இல்லை.

ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால், ஆடி, ஆவணியில் பாலம், மார்கழி, தையில் தெப்பக்குளம். ஆடியில் இரண்டையுமே பார்த்துவிடலாம். ஐந்தே முக்காலுக்குப் பாலத்தில் இருங்கள், சூரியன் மறைந்ததும் சிந்தாமணி வழியாக நடையைக் கட்டுங்கள். குளக்கரைக்கு வந்து சேரும்போது மலை விளக்கு எரியத் தொடங்கியிருக்கும்.