மூளையைக் கணினியில் ஓட்ட நினைப்பவர்கள் முதலில் நிறுவ வேண்டிய மென்பொருள்: நியூரான்

முதுகலை மாணவர்களுக்கு நரம்பியல் பாடம் எடுக்கிறேன். மனித மூளையை அப்படியே கணினியில் ஏற்றிவிட முடியுமா என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். நரம்பணுவில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டும் நியூரான் மென்பொருளை நான் திறந்து கொடுத்துவிடுவேன். டியூக் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஜான் மூரோடு இருந்தபோது மைக்கேல் ஹைன்ஸ் தொடங்கியது இது. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் டெட் கார்னவேலும் சேர்ந்து வளர்த்தார். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

ஒரு செக்‌ஷனை (நரம்பணுவின் ஒரு கிளைத் துண்டு) உருவாக்கி அதில் 'எச்எச்' என்பதைச் செருகினால் போதும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு அறிவியலாளர்கள் கணவாயின் ராட்சத நரம்பிழையில் அளந்து 1952-இல் வெளியிட்ட, நரம்புத் துடிப்பை விளக்கும் சமன்பாடுகள் வந்து உட்கார்ந்துவிடும். ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப் பொறியில் வாரக்கணக்கில் போட்ட கணக்கு, சாதாரண மடிக்கணினியில் நொடியில் முடிகிறது. மைனஸ் 65 மில்லிவோல்ட்டில் கிடக்கும் மின்னழுத்தக் கோடு, கொஞ்சம் மின்னோட்டம் கொடுத்ததும் விருட்டென்று சுழியைத் தாண்டி ஏறி இறங்கும். அதுதான் துடிப்பு. முதல்முறை பார்க்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்து, 0.12 என்று இருக்கும் சோடியம் கடத்துதிறனை, அதாவது சோடியம் அயனிகளைச் சவ்வு வழியே விடும் திறனை, சுழியாக்கச் சொல்வேன். துடிப்பு எழும்பவே எழும்பாது. பேத்தை மீனின் நஞ்சு நம் நரம்பில் செய்வதும் இதைத்தான். பொட்டாசியம் கடத்துதிறனைக் குறைத்தால் துடிப்பு அகலமாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது வெப்பநிலைப் பெட்டி. அதில் 6.3 டிகிரி இருக்கும். நம் உடம்புச் சூடுதானே என்று 37 போட்டால் துடிப்பு படுத்துவிடும். அயனிகளை விடும் வாயில்கள் அவ்வளவு வேகமாகத் திறந்து மூடுவதால் அது எழும்ப நேரமே கிடைப்பதில்லை. அந்த எண்கள் குளிரில் வைத்து அளந்த ஒரு கணவாயின் எண்கள். மனித நரம்பணு வேண்டுமென்றால் மனித நரம்பணுவை அளந்தாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு வகையாக. கணினி எவ்வளவு பெரிதானாலும் அந்த அளவுகளை அது தராது. மூளையை ஓட்டுவது பற்றி ஆசையோடு பேசுகிற பலருக்கும் இது புரிவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மூளையைக் கணினியில் கட்ட முயன்ற சுவிட்சர்லாந்தின் ப்ளூ பிரெய்ன் திட்டமும் நியூரானின் மேல்தான் கட்டப்பட்டது. பத்து வருஷத்தில் மனித மூளையைக் கட்டலாம் என்று அதைத் தொடங்கிய ஹென்றி மார்க்ரம் 2009-இல் மேடையில் சொன்னார். 2015-இல் வெளிவந்தது எலி மூளைப் புறணியின் ஒரு துணுக்கு: சுமார் 31,000 நரம்பணுக்கள், ஏறக்குறைய 3.7 கோடி இணைப்புகள். அளவோ ஒரு கன மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் தலைக்குள் இருக்கும் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. அந்தத் துணுக்கே பெரிய சாதனை என்பேன்.

குறைகளும் உண்டு. சன்னல்களின் தோற்றம் ரொம்பப் பழசு. நீளமான கிளையைக்கூட ஒரே துண்டாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும், எச்சரிக்கையும் வராது. எத்தனை துண்டுகள் என்று சொல்லும் 'என்செக்' எண்ணை நாமே கூட்ட வேண்டும், அதுவும் ஒற்றைப்படையில். நியூரானின் பழைய 'ஹாக்' நிரல்மொழியைப் புதியவர்கள் தொடவே வேண்டாம், பைத்தானிலேயே எல்லாம் செய்யலாம். விண்டோஸுக்குத் தனி நிறுவுகோப்பு இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் பைத்தானின் 'பிப்' நிறுவுகருவி போதும். கை பழகியதும் மாடல்டிபி தளத்துக்குப் போங்கள். ஆய்வாளர்கள் வெளியிட்ட மாதிரிகள் ஏராளமாக அங்கே இருக்கின்றன, இறக்கி அப்படியே ஓட்டிப் பார்க்கலாம்.