தடித்த கோவையா, சுவர் அட்டையா, வீடியோவா? தேயிலை ஸ்டோரில் வேலைமுறை எழுதுவது பற்றி

எங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலைமுறைகளைப் புதிதாக எழுதவேண்டி வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. ஒடிட்டுக்கென்று, அதாவது வெளியார் வந்து செய்யும் தரச் சோதனைக்கென்று, எழுதி அலுமாரியில் வைத்திருக்கும் தடித்த கோவையையே (ஃபைலையே) திருத்தி வைத்துக்கொள்ளலாம். மெஷினுக்கு ஒன்றாக ஒருபக்க அட்டை எழுதி, லெமினேட் பண்ணி, அந்தந்த மெஷின் பக்கத்திலேயே மாட்டலாம். போனில் வீடியோ எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடலாம். நாங்கள் அட்டைக்குப் போனோம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வேறு ஸ்டோர்களில் இதே வேலை பார்க்கும் நண்பர்களும் இதைக் கேட்பதால் காரணத்தை விரிவாக எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களை ஓரிரு வரியில் முடித்துவிடலாம். கோவையில் எல்லாம் இருக்கும், ஆனால் யாரும் திறப்பதில்லை. அட்டை கண்ணில் படும், ஆனால் எல்லாம் அதில் அடங்காது. வீடியோவில் கையசைவு தெரியும், ஆனால் அவசரத்துக்கு ஓர் எண்ணைத் தேடி எடுப்பது கஷ்டம். செலவு மூன்றிலும் பெரிதில்லை. இவற்றை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. நான் பார்த்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: வேலை மாறுகிற வேகத்துக்கு எழுத்தும் மாறுமா?

மலையகத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் எங்கள் பக்கத்துச் சரிவுகளில் கொழுந்து சொட்டச் சொட்ட வரும். கொழுந்தைத் தொட்டியில் பரப்பிக் காற்றுவிட்டு ஈரத்தைக் குறைப்பதுதான் வாட்டு. சூடான காற்றைக் கொடுத்து முதலில் மேலீரத்தைப் போக்கினால்தான் அது சரியாக வரும். ஜனவரி முதல் மார்ச் வரை வரண்ட குளிர். அப்போது அதே தொட்டிக்கு வெறும் விசிறிக் காற்றே போதுமாக இருக்கும் நாட்கள் உண்டு. மலையின் மறுபக்கமான பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கமோ நாங்கள் மழையில் நனையும் ஜூலை, ஓகஸ்டில் வரண்ட காற்றில் இருக்கும். ஆக, ‘இத்தனை மணி நேரம் வாட்டவும்’ என்று ஒரே வரியில் எழுதிவைத்தால் வருடத்தில் பாதிக் காலம் அது பொருந்தாது.

எங்கள் பழைய கோவையில் அப்படித்தான் இருந்தது. ‘போதிய அளவு வாட்டு ஏற்பட்டதை உறுதிப்படுத்தியபின் கொழுந்தை இறக்கவும்’ என்றொரு வரி, பக்கத்தில் மணிக்கணக்கு. வாட்டு மாடியில் பல வருடம் நின்றவரிடம் வாசித்துக் காட்டினேன். “ஐயா, மழ நாளுல இந்தக் கணக்கு சரிவராதுங்க. கையிலதான் பாக்கணும்” என்றார். எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டு, அவர் செய்து காட்டியதை அப்படியே அட்டையில் எழுதினோம்: ‘தொட்டியின் மூன்று இடங்களில் கைப்பிடி கொழுந்து எடுங்கள். இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டை உடனே விரிந்தால் இன்னும் வாட வேண்டும். தண்டை வளைத்துப் பாருங்கள். முறிந்தாலும் இன்னும் வாட வேண்டும்.’ அதற்குக் கீழே மழைக்காலத்துக்கும் வரண்ட காலத்துக்கும் தனித்தனி வரி. ‘போதிய அளவு’ என்பதைப் புதிதாக வந்த பையனால் செய்ய முடியாது. இதைச் செய்ய முடியும்.

இனி மாற்றத்துக்கு வருகிறேன். கோவையில் ஒரு வரியை மாற்றவேண்டும் என்றால், மாற்றக் கோரிக்கைப் படிவம், கையொப்பங்கள், புதிய பதிப்பு எண், எல்லாப் பிரதிகளையும் திரும்பப் பெறுதல் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் சேர்ந்தால், அது முடிவதற்குள் மழை விட்டுவிடும். அதனால் யாரும் மாற்றுவதில்லை. எழுதியது ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று ஆகிவிடுகிறது. அட்டை என்றால், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் பார்த்துக் கையெழுத்து வைத்த அன்றே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். பருவம் திரும்பும்போது வாட்டு அட்டையைக் கட்டாயம் எடுத்துப் பார்ப்பதென்று வைத்திருக்கிறோம்.

‘ஒடிட்டுக்கு அட்டை செல்லுமா?’ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. தர முகாமைக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 9001-இன் 2008 பதிப்பு தரக் கைநூல் ஒன்றையும் 6 எழுத்து வேலைமுறைகளையும் கட்டாயம் கேட்டது. 2015 பதிப்பில் அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. அது இப்போது கேட்பது, தேவையான தகவல் தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் கிடைக்கவேண்டும், மாற்றங்கள் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும் என்பதுதான். முதலாவதில் அலுமாரிக் கோவையைவிட அட்டை மேல். இரண்டாவதில் கவனம் வேண்டும். எண்ணும் திகதியும் இல்லாத அட்டையைப் பார்த்தால் ஒடிட்காரர் விடமாட்டார், விடவும் கூடாது. எங்கள் கோவை இப்போது மெலிந்துவிட்டது. எந்த அட்டை, எந்த இடம், எந்தத் திகதி, யார் கையெழுத்து என்ற பதிவேடுதான் அதன் முதல் பக்கம்.

எழுதும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தோம். ஒரு வரியில் ஒரு வேலை, காரணம் வேண்டாம். ஆனால் ஆட்கள் தாண்டிப்போக நினைக்கும் படிக்கு மட்டும் காரணத்தையும் எழுதினோம். வாடிய கொழுந்தை நசுக்கி வெட்டும் மெஷினான ரோட்டர்வேனில் அடைப்பு எடுக்கும் அட்டை இப்படி: ‘மெஷினை நிறுத்துங்கள். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில். பச்சைப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், ஓடக்கூடாது. அதற்குப் பிறகுதான் கை.’ பூட்டுப் போடும் வரிக்கு எதிரே சிவப்பில்: ‘நீங்கள் உள்ளே கைவிட்டிருப்பது சுவிட்ச் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது.’ தமிழிலும் சிங்களத்திலும் பக்கம் பக்கமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில்தான் மாற்றுவோம்.

வீடியோவை நான் ஒதுக்கவில்லை. புதிதாக வருகிறவருக்குச் சல்லடை மாற்றுவதைக் காட்ட அதைப்போல ஒன்றில்லை. ஆனால் முறை மாறிவிட்டால் முழுவதையும் திரும்ப எடுக்கவேண்டும். பழையது ஆட்களின் போனில் கிடந்து ஃபோர்வர்ட் ஆகிக்கொண்டே இருக்கும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. உணவு தயாராகும் இடம் என்பதால் எங்கள் ஸ்டோருக்குள் போனும் கொண்டுபோக முடியாது. இதில் என் அனுபவம் சல்லடைப் பகுதியோடு நிற்கிறது. டெப்லட்டைச் சுவரில் பொருத்தி நடத்துகிறவர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம்.

அட்டை போதாத இடங்களும் உண்டு. மின்சாரப் பலகை வேலை, இரசாயனங்களைக் கையாளுவது, விற்பனைக்குப் போன பொருளைத் திரும்பப் பெறும் நடவடிக்கை ஆகியவற்றில் ‘இப்படியானால் இது, அப்படியானால் அது’ என்று கிளைகள் அதிகம். ஒரு பக்கத்தில் அடக்கப் பார்த்தால் முக்கியமான கிளை விடுபடும். அவை கோவையிலேயே இருக்கின்றன. எங்கள் ஸ்டோர் சின்னது, ஒரு ஷிஃப்ட்டில் எல்லாரையும் முகம் பார்த்துப் பேசலாம். பல ஸ்டோர்களை ஒரே அலுவலகம் நடத்தும் கம்பனியில் அட்டைகளை ஒரே சீராக வைத்திருக்கத் தனியாக ஓர் ஆள் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், கை உள்ளே போகும் மெஷினுக்கு முதல் அட்டை, வாட்டும் தொட்டிக்கு இரண்டாவது. எழுதி முடித்ததும் அந்த மெஷினைத் தொட்டே இராத ஒருவரிடம் கொடுத்து, கரண்டை நிறுத்திவைத்து, வரி வரியாகச் செய்யச் சொல்லுங்கள். அவர் உங்களைத் திரும்பிப் பார்க்கும் வரியைத் திருத்திவிட்டு லெமினேட்டுக்குக் கொடுங்கள்.