டயாப்டர் ரிங்குக்கு ஒரு பூட்டு வச்சிருக்கலாம்: 8×42 பைனாகுலர், பல வருஷ அனுபவம்

நம்ம பறவை பாக்குறவங்க சாட் குரூப்ல, அதான் நம்ம கூட்டத்துல, நேத்து ராத்திரி ஒரு தம்பி ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு போட்டு, "அண்ணே நீங்க வச்சிருக்கீங்கல்ல அதே மாடல், விலை நல்லா இறங்கியிருக்கு, தூக்கிரவா?"ன்னு கேட்டாப்ல. ஒரு வரில பதில் போட்டுட்டு படுக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன், டைப் பண்ணப் பண்ண கோவம் ஏறி நீளமா போயிருச்சு. பாதிலயே அக்கா ஒருத்தவங்க, "யப்பா சாமி, இத தனியா எழுது, இங்க போட்டா காலைல எல்லாரும் அனுப்புற குயில் வாய்ஸ் நோட்டுக்கு நடுவுல காணாம போயிரும்"னுட்டாங்க. அதான் இது. கம்பெனி பேரு சொல்லல, கூட்டத்துல இருக்குறவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்கும் நஷ்டமில்ல, ஏன்னா நடுத்தர விலைல வர்ற நிறைய பைனாகுலர்ல இதே வியாதி இருக்கு. சர்வீஸ் போய்ட்டு வந்தும் சரியாகாத கடுப்புல எழுதுறேன், அதனால சூடு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

8×42ன்னா எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். ரூஃப் பிரிசம், நைட்ரஜன் அடைச்சது, வாட்டர்ப்ரூஃப், இதெல்லாம் பெட்டி மேலயே போட்டிருக்கான், படிச்சுக்கோங்க. நான் பேச வந்தது டயாப்டர் ரிங்க பத்தி.

வலது கண்ணு வைக்கிற பக்கம் ஒரு வளையம் இருக்கும்ல, அதான். நம்ம ரெண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே அளவா இருக்காதுங்கிறதுக்காக வச்சது. செட் பண்றது ஒண்ணும் கஷ்டமில்ல, வலது பக்க முன் லென்ஸ மூடிட்டு இடது கண்ணால பாத்துக்கிட்டே நடு வீல திருப்பி தூரத்துல ஒரு கிளையோ போர்டோ ஷார்ப்பா கொண்டு வரணும், அப்புறம் இடது பக்கத்த மூடிட்டு, நடு வீல தொடாம, இந்த ரிங்க மட்டும் திருப்பி வலது கண்ணுக்கும் அதே கிளைய ஷார்ப்பா ஆக்கணும். முடிஞ்சுது. அதுக்கப்புறம் நடு வீல் மட்டும்தான், கண்ணுல பவர் மாறுற வரைக்கும் அந்த ரிங்க தொடவே வேணாம். தொடவே வேணாம்னு இருக்குற ஒரு சாமானுக்கு பூட்டு வேணுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க? இதுல இல்ல. வெறும் வளையம், விரல் பட்டா திரும்புது, பையில இருந்து உருவுனா திரும்புது, கழுத்துல தொங்கும்போது சட்டை பட்டன்ல உரசுனாலும் திரும்புது.

திரும்புனா திரும்பிட்டுப் போகட்டும், திருப்பி வச்சுக்கலாம்னு நினைப்பீங்க. பிரச்சினை என்னன்னா திரும்புனது தெரியாது. ஒரு கண்ணுக்கு ஷார்ப்பா இருந்தாலே மூளை அத வச்சு ஓட்டிரும், இன்னொரு கண்ணு அனுப்புறத கண்டுக்காது. குருவி தெரியும், கலர் தெரியும், ஆனா என்னமோ சப்புன்னு இருக்கும், லென்ஸ்ல தூசியோன்னு தொடைப்போம், வெளிச்சம் சரியில்லன்னு சொல்லிக்குவோம், அரை மணி நேரத்துல புருவத்துக்கு மேல வலி வந்து உக்காந்ததுக்கு அப்புறம்தான் ஒரு கண்ண மூடிப் பாப்போம், அங்க வலது பக்கம் முழுக்க மங்கலா கெடக்கும்.

இது காக்காய்க்கும் மைனாவுக்கும் பரவால்ல. கதிர்க்குருவி பக்கம் போனாத்தான் தெரியும் வேதனை. குளிர்காலத்துல வர்ற அந்த சின்னச் சின்ன இலைக்கலர் ஐட்டங்கள், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம்னு பாத்தா புருவக் கோடு எவ்வளவு நீளம், இறக்கைல மெல்லிசா ஒரு வெளுத்த கோடு இருக்கா, கால் என்ன கலருன்னு மூணு நாலு விஷயந்தான், அதுலயும் இறகு தேஞ்சு பழசாச்சுன்னா அந்த இறக்கைக் கோடே காணாம போயிரும். அதுங்க ஒரு இலைல ரெண்டு செகண்டுக்கு மேல நிக்காது. ஒருநாள் காலைல மர உச்சில ஒண்ணு துள்ளிக்கிட்டு இருந்துச்சு, கூட்டத்துல லைவா ஓடுது, ஒருத்தர் "புருவம் இருக்கா?"ங்கிறாரு, இன்னொருத்தர் "குரல் ரெகார்ட் பண்ணுங்க, குரல் இல்லாம நான் எதுவும் சொல்ல மாட்டேன்"ங்கிறாரு, நான் "புருவம் இருக்கு, இறக்கைக் கோடு தெரியல"ன்னு போட்டேன். உடனே அக்கா, "கோடு இல்லையா, இல்ல உனக்குத் தெரியலையா? ரெண்டும் வேற வேற"ன்னு ஒரு கேள்வி போட்டாங்க பாருங்க. சரியான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா அப்பவும் ரிங்கு நகந்து கெடந்துச்சு, அத சரி பண்ணி நிமிர்றதுக்குள்ள குருவி கிளம்பிருச்சு. இன்னிக்கு வரைக்கும் என் லிஸ்ட்ல அது "கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை"தான். இந்தக் கடுப்பு உங்களுக்குப் புரிஞ்சா நீங்களும் நம்ம ஆளு.

தீர்வுன்னு கூட்டத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ரப்பர் பேண்ட் போட்டுப் பாத்தேன், அகலமானதா எடுத்து பாதி ரிங்கு மேல பாதி பாடி மேல ஏறுற மாதிரி மாட்டணும், நல்லாத்தான் நிக்குது, ஆனா வெயில்ல காஞ்சு பொட்டுனு பிஞ்சுரும், அதுவும் வெளிய இருக்கும்போதுதான் பிய்யும். அதுக்கு சைக்கிள் ட்யூப்ல ஒரு துண்டு வெட்டி மாட்டுனது இன்னும் நல்லா உழைச்சுது. ஆனா எல்லாத்தையும் விட உருப்படியான யோசனை நெயில் பாலிஷ்தான். சரியா செட் பண்ணிட்டு, ரிங்குல ஒரு புள்ளி, அதுக்கு நேரா பாடில ஒரு புள்ளி. கைல எடுத்ததும் ஒரு பார்வை, ரெண்டு புள்ளியும் நேரா இருக்கா, ஓகே. இத ரிங்கு லூசா இல்லாதவங்களும் பண்ணி வைக்கலாம், வீட்டுல பசங்க எடுத்து நோண்டிட்டு வச்சாலும் கண்டுபிடிச்சிரலாம்.

அப்புறம் சர்வீசுக்கு அனுப்புனேன். வாரக்கணக்குல கையில பைனாகுலர் இல்லாம, மத்தவங்க காலைல காலைல மாங்குயில் பாத்தேன் மாம்பழச்சிட்டு பாத்தேன்னு போடுறத படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். திரும்பி வந்துச்சு, கூட ஒரு தாள், ரிங்கின் இறுக்கம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்குன்னு. யாரு அனுமதிச்சா? கிரீஸ் போட்டிருப்பாங்க போல, மொத கொஞ்ச நாள் இறுக்கமா இருந்துச்சு, வெயில் ஏறுனதும் பழைய கதைதான். லென்ஸ் எல்லாம் பளபளன்னு கிளீன் பண்ணியிருந்தாங்க, அத சொல்லணும். அந்த ஜோர்ல என் நெயில் பாலிஷ் புள்ளி ரெண்டையும் சுத்தமா தொடச்சு எடுத்துட்டாங்க.

சரி, நியாயமா பேசுவோம், இல்லன்னா கூட்டத்துல இருக்குற டீச்சரம்மா சண்டைக்கு வருவாங்க, அவங்களும் இதே மாடல்தான் வச்சிருக்காங்க, அவங்களுக்கு ரிங்கு நகர்றதே இல்லையாம். ரெண்டு குழலும் இன்னும் ஒரே நேர்ல நிக்குது. இது சின்ன விஷயமில்ல, வண்டில இருந்து ஒரு தடவ கீழ விழுந்திருக்கு, சுமாரான பைனாகுலரா இருந்தா உள்ள படத்த நிமிர்த்துற பிரிசம் கண்ணாடி நகந்து எல்லாமே ரெண்டு ரெண்டா தெரிய ஆரம்பிச்சு தலைவலி வந்திருக்கும், இதுல ஒண்ணும் ஆகல. உள்ள பனி படிஞ்சதே இல்ல. ஏசி கார்ல இருந்து இறங்குனா வெளி லென்ஸ்ல படியும், அது எந்த பைனாகுலரா இருந்தாலும் படியும், நைட்ரஜன் காப்பாத்துறது உள் பக்கத்த மட்டுந்தான். கரிச்சான் குருவிய வெள்ளை வானத்துக்கு எதிர்ல பாத்தா ஓரத்துல லேசா ஊதாக் கரை தெரியும், ஈடி கிளாஸ், அதாவது கலர் பிரியுறத குறைக்கிற ஸ்பெஷல் கண்ணாடி, இல்லாததுல அது இருக்கத்தான் செய்யும், எனக்கு அது உறுத்துனதே இல்ல.

இனி நான் எதிர்பாக்காத விஷயத்துக்கு வர்றேன். கிட்ட ஃபோகஸ். ரெண்டு மீட்டருக்குக் கிட்ட வரைக்கும் ஷார்ப்பா பிடிக்குது. வாங்கும்போது நான் இத கண்டுக்கவே இல்ல, பறவை எங்க ரெண்டு மீட்டர்ல வந்து நிக்கப் போகுதுன்னுதான் எல்லாரும் நினைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டு மீட்டர எட்டால வகுத்தா 25 சென்டிமீட்டர், அதாவது புத்தகம் படிக்கிற தூரத்துல வச்சுப் பாக்குற அளவுக்குத் தெரியும். நாப்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவங்களுக்கு இதுல இன்னொரு லாபம், கிட்டத்துப் பொருள பாக்க அந்த வாசிக்கிற கண்ணாடியே வேணாம், நடு வீல திருப்புனா போதும், கண்ணுக்கு வேலையே இல்ல.

குஞ்சுங்க பறந்து போய் காலியா இருந்த தையல்சிட்டு கூடு ஒண்ண இப்படித்தான் பாத்தேன். (குஞ்சு இருக்குற கூட்டுக்கிட்ட போகக்கூடாது, போட்டோவும் போடக்கூடாது, இது நம்ம கூட்டத்து சட்டம், தெரியாதவங்க தெரிஞ்சுக்கோங்க.) தையல்னு சொன்னதும் ஊசில கோத்த ஒரே நூலு நீளமா ஓடியிருக்கும்னு நினைச்சிருந்தேன், அப்படி இல்ல. இலை ஓரத்துல அலகால குத்துன குட்டிக் குட்டி ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைலயும் தனித்தனியா ஒரு துணுக்கு நாரோ பஞ்சோ இழுத்து விட்டிருக்கு, வெளிய வந்த முனை பிரிஞ்சு உப்பி நிக்குது, அதனாலயே அது திரும்ப உள்ள உருவிட்டு வராது. தச்சதுங்கிறத விட ரிவிட் அடிச்ச மாதிரி இருந்துச்சு. சில எடத்துல சிலந்தி நூலும் சுத்தியிருந்துச்சு. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல, கழுத்துதான் ஞாபகப்படுத்துச்சு.

அன்னிக்கு நான் கூட்டத்துல போட்டதுல இருந்து, மத்தியானம் பறவை ஓஞ்சிருக்குற நேரத்துல எல்லாரும் பூச்சி பாக்க இறங்கிட்டாங்க. சார் ஒருத்தர் "பறவை கூட்டத்துல தட்டான் எதுக்கு?"ன்னு மொறைச்சாரு, அடுத்த வாரம் அவரே வந்து, ஊசித்தட்டானுக்கு ரெண்டு கண்ணும் தள்ளித் தள்ளி இருக்கு, உக்காரும்போது இறக்கைய மடிச்சு வச்சுக்குது, தட்டான் விரிச்சே வச்சிருக்குன்னு பாடம் எடுத்தாரு. இப்ப அவருதான் அதிகமா போடுறாரு.

8ஆ 10ஆங்கிற சண்டைய பத்தி சுருக்கமா: 10 வாங்குனா பறவை மட்டும் பெருசாகாது, கை நடுக்கமும் சேந்து பெருசாகும், தெரியுற வட்டமும் பொதுவா சின்னதாகும், இலைக்கு நடுவுல குருவிய கண்டுபிடிக்கிறதுக்குள்ள அது போயிரும். 42ஐ 8ஆல வகுத்தா 5.25, 10ஆல வகுத்தா 4.2, கண்ணுக்கு வந்து சேர்ற ஒளி வட்டத்தோட மில்லிமீட்டர் அளவு அது. பகல்ல நம்ம கண்மணியே ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும், வித்தியாசம் தெரியாது, பொழுது சாஞ்சு பக்கியும் ஆந்தையும் வர்ற நேரத்துலதான் 8 ஜெயிக்கும். ஏரிக்கரைல நின்னு பவளக்காலியா பச்சைக்காலியான்னு கால் கலர் பாக்குறவங்க 10 கேக்குறது நியாயந்தான், ஆனா அவங்களுக்கு 10ம் பத்தாது, ஸ்டாண்டுல வச்சு ஒத்தக் கண்ணால பாக்குற ஸ்கோப்புதான் வாங்கணும்.

ஆக தம்பி, வாங்காத. ஆமா, இவ்வளவு நல்லது சொல்லிட்டு வாங்காதன்னுதான் சொல்றேன். அவன் விலைய குறைச்சானே தவிர ரிங்குக்கு பூட்டு போடல. நல்லா இருக்குற ஒரு பொருள்ல ஒரு சின்ன வளையத்துக்கு சோம்பேறித்தனம் பண்ணியிருக்கான் பாரு, அதுதான் எனக்கு ஆறல, முழுசா மட்டமா இருந்திருந்தா தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன். இத படிச்சுட்டு டீச்சரம்மா "அப்போ உங்களோடத எனக்கு ஸ்பேருக்குக் குடுங்க"ன்னு கேப்பாங்க. குடுக்க மாட்டேன்.

வேற எத வாங்குனாலும் கைல வாங்கிப் பாத்து வாங்கு. டயாப்டர் ரிங்க இழுத்தாத்தான் திரும்புற மாதிரி சிலதுல பூட்டு இருக்கும், அது இருந்தா கண்ண மூடிட்டு எடு. பூட்டு இல்லன்னா ஒத்த விரல்ல தள்ளிப் பாரு, சுலபமா நகந்தா அப்படியே வச்சிட்டு வந்துரு, "யூஸ் பண்ணப் பண்ண இறுகிரும்"னு சொன்னா நம்பாத, எதுவும் இறுகாது.

கண்ணாடி போடுற அக்கா தனியா கேட்டிருந்தாங்க, அதையும் இங்கயே சொல்லிடுறேன். ஐ ரிலீஃப், அதாவது லென்ஸ்ல இருந்து கண்ண எவ்வளவு தள்ளி வச்சாலும் முழு வட்டம் தெரியும்ங்கிற தூரம், 15 மில்லிமீட்டருக்குக் கீழன்னா வேணாம்க்கா, 17, 18 இருந்தா நிம்மதி. ஆனா பெட்டில போட்டிருக்குற நம்பர மட்டும் நம்பாதீங்க, அத பெரும்பாலும் லென்ஸ்ல இருந்து அளப்பாங்க, லென்ஸோ கண்ணு வைக்கிற கப்புக்குள்ள கொஞ்சம் பதிஞ்சு இருக்கும், அதனால உங்க கண்ணுக்குக் கெடைக்கிறது அத விடக் கம்மிதான். கப்ப முழுசா கீழ இறக்கிட்டு கண்ணாடியோடயே வச்சுப் பாருங்க, வட்டத்தோட ஓரம் சுத்தி முழுசா தெரியணும், ஓரம் வெட்டுப்பட்டுச்சுன்னா அடுத்தத எடுத்துப் பாருங்க.